காலையில் மட்டும் நீலப் புகை: ரிங்கா, வால்வு சீலா?

கேள்வி: சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த 12 வருடக் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, ஆயிலும் குறைகிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி முதல் சில நொடி மட்டும் புகைந்தால் பெரும்பாலும் வால்வு ஸ்டெம் சீல்தான் (வால்வின் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்). ரப்பர் இறுகி, மேலிருந்து ஆயில் சிலிண்டருக்குள் கசிந்திருக்கும். பல இன்ஜின்களில் ஹெட்டை (இன்ஜினின் மேல்பகுதி) கழற்றாமலே மாற்றலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சந்தேகியுங்கள்.

எதற்கும் முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வு) பாருங்கள். அடைத்திருந்தாலும் ஆயில் எரியும், விலையோ சொற்பம். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒன்றிரண்டு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) கசிகிறது. 10 வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை இருப்பதால், அதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.