மேல்மாடிக் கடை கொதிக்கிறது: இன்னொரு ஏசியா, வெள்ளைக் கூரையா?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் உடுப்புக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடை இரண்டு மாடி. மேல்மாடியில் பாதி கொங்கிறீற் கூரை, பாதி கருஞ்சிவப்பு அமானோ தகட்டுச் சீற், பின்பக்க ஸ்ரோருக்கு மட்டும் பழைய அஸ்பெஸ்டஸ். மூன்று ஏசி ஓடியும் பின்னேரத்தில் மேலே ஏறும் சனம் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. நாலாவது ஏசி போடச் சொல்கிறார் ஒருவர், கூரைக்கு வெள்ளைக் கோட்டிங் அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதற்குக் காசு போடலாம் என்று கேட்கிறார்.

கூரைக்குப் போடுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1,000 வாற் விழுகிறது. 1,000 சதுர அடிக் கூரை என்றால் 93 கிலோவாற். 12,000 பி.ரி.யு. ஏசி ஒன்று வெளியே தள்ளக்கூடியது 3.5 கிலோவாற்தான். கூரையில் விழுவதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே இரண்டரை ஏசி அதற்கே சரியாகிவிடும். யாழ்ப்பாணத்துக்கு மேலே சூரியன் நேர் உச்சியில் நிற்பது வருடத்தில் இரண்டு முறை: சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டியும். உங்களுக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் நாட்களும் அவைதான்.

கொங்கிறீற் பகுதியை முதலில் பாருங்கள். பழைய சாம்பல் நிறத் தட்டு வெயிலில் முக்கால்வாசியைக் குடித்துவிடும். அந்தச் சூடு கீழே வந்து சேரச் சில மணித்தியாலம் பிடிக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு ஸ்ரூலில் ஏறித் தட்டின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே வெயில் தணிந்திருக்கும், தட்டு அப்போதும் சுடும். ஏசி காற்றைத்தான் குளிராக்கும். தலைக்கு மேலே இருக்கும் அந்தத் தட்டு நேரே உடம்பில் வெப்பத்தை வீசுவதால்தான் ரிமோற்றை 18இல் வைத்தும் வேர்க்கிறது. தட்டின் சூடு இறங்கினால் 25, 26இலேயே ஆட்கள் நின்று துணி பார்ப்பார்கள். பில் குறைவது அந்த இடத்தில்தான். இன்னொரு நன்மையும் உண்டு: பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பாடு குறைவதால் தட்டில் வெடிப்பும் ஒழுக்கும் குறையும்.

கோட்டிங் வாங்கும்போது வெள்ளையா என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். எஸ்.ஆர்.ஐ. என்ற இலக்கத்தைக் கேளுங்கள். வெயிலில் கூரை எவ்வளவு சூடேறாமல் நிற்கும் என்பதைக் காட்ட, கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்த அளவு அது; 100ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. நல்ல கோட்டிங் புதிதில் வெயிலில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் உங்கள் ஊர் செம்மண் ஊர். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றில் வெள்ளைக் கூரை ஒரே பருவத்தில் சிவந்துபோகும், மாரியில் பாசி பிடிக்கும். கழுவாமல் விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடலாம். சோளகம் ஓய்ந்ததும் ஒரு முறை, மாரி முடிந்ததும் ஒரு முறை தேய்த்துக் கழுவ ஆள் வையுங்கள். சுண்ணாம்பும் வேலை செய்யும். மலிவு, ஆனால் ஐப்பசி மழையோடு போய்விடும்.

அமானோ சீற் வேறு மாதிரி. மெல்லிய தகடு என்பதால் வெயில் பட்டவுடனேயே சூட்டைக் கீழே இறக்கிவிடும். மேலே வெள்ளை அடிப்பதோடு, கீழே அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோமும் போட வேண்டும். இங்கே நான் அடிக்கடி காணும் பிழை, மினுங்கும் பக்கத்தைச் சீலிங்கோடு ஒட்டிவிடுவது. மினுங்கும் பக்கம் கீழே பார்க்க, அதற்கும் சீலிங்குக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று வெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் அந்தத் தாளுக்குக் கொடுத்த காசு வீண். சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடான காற்று முகட்டால் வெளியேற வழி விடுங்கள். அணில் புகாமல் வலை அடியுங்கள்.

ஸ்ரோரின் அஸ்பெஸ்டஸைச் சுரண்டவோ, பிரசர் கன் பிடிக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, மென்மையாகத் துடைத்து, மேலே பூசலாம். உடைந்த சீற் என்றால் மாற்றிவிடுங்கள்.

கீழ்மாடிக்கு இதனால் பெரிதாக எதுவும் கிடைக்காது. அங்கே பிரச்சினை மேற்குப் பக்கக் கண்ணாடியாக இருக்கலாம். அதற்கு வெளியே நிழல் போடுங்கள். பிறகு சோலார் போடும் எண்ணம் இருந்தால் ஒழுக்கை இப்போதே அடையுங்கள். பனல் ஏறிய பிறகு இருபது வருடத்துக்கு அந்த இடத்தைத் தொட முடியாது. பனல் வரும் இடத்துக்கு விலையான கோட்டிங்கும் தேவையில்லை, அதன் நிழலே போதும்.

பில் இத்தனை சதவீதம் குறையும் என்று யார் சொன்னாலும் அதை நம்பி முழுக் கூரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மாசியில், மழை விட்ட பிறகு, கொங்கிறீற்றில் பத்தடிக்குப் பத்தடி மட்டும் அடிப்பியுங்கள். ஒரு கிழமை கழித்துப் பின்னேரம் அதே ஸ்ரூலில் ஏறி, அடித்த இடத்துக்குக் கீழே ஒரு கையும் அடிக்காத இடத்துக்குக் கீழே மறு கையும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கைக்குத் தெரிந்தால் மிச்சத்தைப் பங்குனிக்குள் முடித்துவிடலாம்.