‘சுல்தானாவின் கனவு’ நாட்டின் அறிவியல் தேறுமா? கேள்வி பதில்

வங்க எழுத்தாளர் ரொக்கேயா சகாவத் ஹுசைனின் இந்தக் கதை 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் ஆங்கிலத்தில் வந்தது. பெண்கள் ஆளும் அந்த நாட்டில் பலூனில் கட்டிய குழாய் மேகத்திலிருந்து தண்ணீர் இழுக்கும், வெயிலில் சமையல் நடக்கும், ஹைட்ரஜன் பந்து கட்டிய பலகை பறக்கும்.

செல்வி: மேகத்திலிருந்து அப்படித் தண்ணீர் இறக்க முடியுமா சார்?

முடியும், ஆனால் குடக்கணக்கில்தான். ஒரு கன மீட்டர் மேகத்தில் அரை கிராம் அளவுக்குத்தான் நீர்த்துளி இருக்கும். விநாடிக்கு 10 மீட்டர் காற்றில் 10 சதுர மீட்டர் வலையைப் பிடித்தால் அதன் வழியே விநாடிக்கு 50 கிராம் போகும். மூன்றில் ஒரு பங்கு சிக்கினால் மணிக்கு 60 லிட்டர், அதாவது நாலு குடம். குழாயை நிரம்பவே விடக்கூடாது. 1 கி.மீ. உயர நீர் அடிமுனையில் சுமார் 98 பார் அழுத்தம் தரும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 10 மி.மீ. குழாயிலேயே 78 கிலோ தண்ணீர் நிற்கும். அதைத் தூக்க மட்டும் 70 கன மீட்டர் ஹைட்ரஜன் வேண்டும்.

பலூனை விட்டுவிட்டு மலைமேல் வலை கட்டுவதுதான் சரி. சிலியில் சுங்குங்கோ கிராமத்துக்கு அப்படித்தான் பனிமூட்டத்திலிருந்து குடிநீர் எடுத்தார்கள்: ஒரு வலை 48 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3 லிட்டர். ஷேட் நெட்டை (செடிகளுக்கு நிழல் தரும் வலை) இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும். வலைக்கண் நெருக்கமாகிவிட்டால் காற்று துளிகளையும் கூட்டிக்கொண்டு வலையைச் சுற்றிப் போய்விடும்; அகன்றுவிட்டால் துளி நழுவிவிடும்.

அருள்: கதையில் இப்படி நீரை இழுத்தே புயலை நிறுத்தினார்களாமே?

அது நடக்காது. 100 சதுர கி.மீ.யில் ஒரே நாளில் 50 மி.மீ. மழை என்றால் 50 லட்சம் டன் தண்ணீர். விநாடிக்கு 58 டன் இழுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை வேறு. நீராவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம்தான் (கிலோவுக்கு 25 லட்சம் ஜூல்) புயலுக்குத் தீனி. நாம் துளியைப் பிடிப்பதற்கு முன்பே அந்த வெப்பம் காற்றில் சேர்ந்துவிட்டது.

மும்தாஜ்: வெயில் சமையல்?

இங்கேதான் ரொக்கேயாவை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆரோவில் பொதுச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. கிண்ணம் அசையாது, குவியும் இடத்தில் தொங்கும் கொதிகுழாய்தான் சூரியனோடு நகரும். அதில் வரும் நீராவியில் சமையல். மேகமூட்டமான நாளில் டீசல் கொதிகலன் கைகொடுக்கும்.

இரவுக்கு வெப்பத்தைச் சேமிக்க உருகிய உப்பு. ஸ்பெயினின் ஹெமசோலார் மின்நிலையத்தில் சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 சதவீதக் கலவையை உருக்கி 565 டிகிரியில் தொட்டியில் வைக்கிறார்கள். வெயில் இல்லாமலே 15 மணி நேரம் மின்சாரம் எடுக்க அந்த வெப்பம் தாங்கும். சுமார் 240 டிகிரிக்கு இறங்கினால் உப்பு குழாய்க்குள்ளேயே உறையத் தொடங்கும். அதனால் குழாய் நெடுக மின்சூடேற்றி சுற்ற வேண்டும். வால்வையும் விட்டுவிடக்கூடாது, முதலில் அடைப்பது அங்கேதான்.

கார்த்திக்: 1905இல் இது வெறும் கற்பனைதானே?

இல்லை. 1870களிலேயே பம்பாயில் ஆங்கிலேயரான வில்லியம் ஆடம்ஸ் தட்டைக் கண்ணாடிகளை அடுக்கி, வெயிலில் நீராவி பம்பை ஓட்டிக் காட்டிவிட்டார்.

செல்வி: பறக்கும் பலகை?

இரண்டு பேர், பலகை, மோட்டார், பேட்டரி என்று 200 கிலோ வையுங்கள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் 1.1 கிலோ தூக்கும். பந்து இரண்டு என்றால் ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர் விட்டம் வேண்டும். எழும்பும். ஆனால் விநாடிக்கு 10 மீட்டர் எதிர்காற்றில் நின்ற இடத்தில் நிற்கவே பல கிலோவாட் போகும். பந்துக்குப் பதில் சுருட்டு வடிவ உறை தைத்தால் தேவை வெகுவாகக் குறையும்.