அவசரம் என்று சொல்லிக் கவுண்டி கொட்டிய பாறைகள்: பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன உரிமை?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியின் கரையை ஒட்டிய ஒரு கவுண்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு), நகர எல்லைக்கு வெளியே ஆறு ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கினோம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய் ஏற்றிய பழைய மரத் தடுப்புச் சுவர் ஒன்று இருக்கிறது. அதை மாற்றிக் கட்டலாமா என்று கேட்டபோது, மண்ணியல் அறிக்கை வேண்டும், மாற்று வழிகளைப் பற்றிய ஆய்வு வேண்டும் என்று கவுண்டியின் திட்ட அலுவலகம் ஒரு பட்டியலைக் கொடுத்தது. நாங்கள் அதற்காக அலைந்துகொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் தொடக்கத்தில் வந்த புயலுக்குப் பிறகு, எங்கள் எல்லையை ஒட்டிய கவுண்டிச் சாலையோரத்தில் நூறடி நீளத்துக்குக் கவுண்டியே பாறாங்கற்களைக் கொட்டியது. மூன்று நாளில் வேலை முடிந்தது. டெண்டர் எதுவும் விடவில்லை. ஜனவரி நடுவில்தான் கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்கள் 'அவசரநிலை' என்று இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தீர்மானம் போட்டார்கள். இப்போது எங்கள் பக்கத்து மணல் ஒன்றரை அடி இறங்கிவிட்டது. சுவரின் அடியில் கையை விட்டால் முழங்கை வரை போகிறது. கவுண்டி செய்தது சட்டப்படி சரிதானா? நாங்களும் அவசரம் என்று சொல்லிச் சுவரைக் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு உடனடி ஆபத்து இருக்கிறது. கட்டாதீர்கள். கரையோர மேலாண்மைச் சட்டத்தை மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 1,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்கிடப்படும். கவுண்டி தவறு செய்திருந்தாலும் அது உங்கள் தவறுக்கு அனுமதிச் சீட்டாகாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். 'அவசரநிலை' என்ற ஒரே சொல்லைக் கொண்டு கவுண்டி மூன்று கதவுகளைத் திறந்திருக்கிறது: பட்ஜெட்டில் இல்லாத செலவு, டெண்டர் இல்லாத ஒப்பந்தம், அனுமதி இல்லாத கரையோர வேலை. இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு சட்டங்கள் ஆள்கின்றன, ஒவ்வொன்றிலும் அவசரநிலைக்குப் பொருள் வேறு. ஒன்றில் தேறியது மற்றொன்றில் தேறியதாகாது. ஒரே தீர்மானத்தை வைத்து மூன்றையும் நியாயப்படுத்தியிருந்தால், ஒவ்வொரு சட்டத்தின் சொற்களையும் அந்தத் தீர்மானத்தின் பக்கத்தில் வைத்துத் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

பட்ஜெட் விஷயத்தில் கவுண்டிக்கு ஓரளவு சாதகமான நிலைதான் இருக்கிறது. கவுண்டி பட்ஜெட் சட்டத்தின்படி, எதிர்பார்த்திருக்க முடியாத அவசரச் செலவு வந்தால், அந்த அவசரத்துக்கான காரணங்களையும் தேவைப்படும் தொகையையும் கூறும் தீர்மானத்தைக் கமிஷனர்கள் நிறைவேற்றி வெளியிட வேண்டும். வெளியிட்டு ஒரு வாரத்துக்குக் குறையாத ஒரு தேதியில் பொது விசாரணை நடத்த வேண்டும். அதில் வரி செலுத்தும் எவரும் செலவை ஆதரித்தோ எதிர்த்தோ பேசலாம். வெள்ளம், புயல், தீ, நிலநடுக்கம் போன்றவற்றால் வந்த அவசரம் என்றால் விசாரணையே தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகைக்குக் கூட்டத்தில் இருக்கும் கமிஷனர்கள் அனைவரும் ஒருமனதாக வாக்களித்திருக்க வேண்டும். உங்கள் கவுண்டியில் வாக்கு இரண்டுக்கு ஒன்று. புதிதாகப் பணம் ஒதுக்குவதற்குத்தான் அந்தத் தீர்மானம் என்றால், விசாரணையைத் தவிர்த்திருந்தால் அது பிழை. ஒதுக்கீட்டை மீறிய செலவு கவுண்டியின் கடனாகாது, செலவு செய்த அதிகாரியே சொந்தப் பொறுப்பில் ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு அந்தச் சட்டம் கடுமையானது. எனினும், சாலை நிதியில் பராமரிப்புக்கென்று ஏற்கெனவே ஒதுக்கிய தொகையிலிருந்தே செலவு செய்திருந்தால் புதிய ஒதுக்கீடு தேவைப்பட்டிராது, இந்த வாதமும் நிற்காது. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் சொத்துகளின் மீது விதிக்கப்படும் சாலை வரி, மதிப்பீட்டில் ஆயிரம் டாலருக்கு 2.25 டாலர் வரை, அந்த நிதிக்குத்தான் போகிறது. நீங்களும் அதைச் செலுத்துகிறீர்கள். ஆகவே எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுத்தார்கள் என்பதைக் கேட்டு அறியாமல் இதில் எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஒப்பந்தத்தில் உங்கள் வாதம் இன்னும் வலுவாக இருக்கிறது. பொதுப்பணிகளுக்குக் கவுண்டி போட்டி ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், பொறுப்புள்ள ஒப்பந்தக்காரர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத் தர வேண்டும் என்பது பொது விதி. 3,50,000 டாலர் வரையிலான வேலைகளுக்குச் சிறுபணிப் பட்டியலில் (முன்பே பதிவு செய்த ஒப்பந்தக்காரர்களின் பட்டியல்) உள்ளவர்களிடம் விலை கேட்கும் எளிய வழியும் உண்டு; ஆகவே பத்திரிகையில் விளம்பரம் வரவில்லை என்பது மட்டுமே குற்றமாகாது. போட்டியையே தவிர்க்க வேண்டுமானால் மாநிலச் சட்டத் தொகுப்பின் 39.04.280 என்ற பிரிவுக்குள் வர வேண்டும். அவசரநிலை என்பது நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, முன்கூட்டிக் காண முடியாத சூழ்நிலை என்றும், உடனே செயல்படாவிட்டால் இன்றியமையாத பணிகள் உண்மையாகவே பாதிக்கப்படவோ, சொத்துக்கோ உயிருக்கோ பெரும் சேதம் வரவோ கூடியது என்றும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது: அவசரநிலை இருந்தது என்ற எழுத்துப்பூர்வமான முடிவை, ஒப்பந்தம் வழங்கிய இரண்டு வாரங்களுக்குள் பதிவில் ஏற்ற வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம், ஜனவரி நடுவில் தீர்மானம் என்றால் கெடு எப்போதோ கடந்துவிட்டது. அதற்கு முன்பே சாலைப் பொறியாளரோ, கமிஷனர்கள் அதிகாரமளித்த வேறொருவரோ கையெழுத்திட்ட முடிவு ஏதேனும் கோப்பில் இருக்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள்.

'முன்கூட்டிக் காண முடியாத' என்ற சொல்லைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு கவுண்டியும் ஆறு ஆண்டுச் சாலைத் திட்டம் ஒன்றை ஆண்டுதோறும் பொது விசாரணை நடத்தி ஏற்க வேண்டும். உங்கள் வீட்டை ஒட்டிய சாலையின் கரையரிப்பு கடந்த இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களில் எங்காவது பெயரோடு இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எதிர்பாராதது என்று இப்போது சொல்வது மிகவும் கடினம். குளிர்காலத்துக் கிங் டைட் எனப்படும் பேரலை ஏற்றங்களின் தேதியும் நேரமும் அலைப் பட்டியலில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகிவிடுகின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் வேலை முடிந்துவிட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் பின்னோக்கிப் போய் ரத்து செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். வரி செலுத்துபவர் என்ற தகுதியில் வழக்குப் போட வேண்டுமானால், பொதுவாக முதலில் மாநில அட்டர்னி ஜெனரலிடம் நடவடிக்கை கோரி, அவர் மறுத்த பிறகே போட முடியும். வேண்டுமென்றே டெண்டர் விதியை மீறிய அதிகாரிக்கு 300 டாலருக்குக் குறையாத அபராதம் உண்டு என்றாலும், 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது உங்கள் வேலையல்ல. கோப்புகளின் நகலோடு மாநிலத் தணிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கவுண்டிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது அவர் அலுவலகம்தான், அடுத்த தணிக்கையில் இந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுக்க அந்தக் கடிதம் உதவும்.

இனி கரையோரச் சட்டம். உங்கள் மணலைக் காப்பாற்றக் கூடிய சட்டம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். 1971ல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி, 1972ல் மக்கள் வாக்கெடுப்பில் உறுதிசெய்யப்பட்ட இந்தச் சட்டம், கடலின் சாதாரண உயர்நீர்க் கோட்டிலிருந்து (நீர் வழக்கமாக வந்து எட்டும் தடம்) நிலப்பக்கம் 200 அடி வரை செல்லும். ஒவ்வொரு கவுண்டியும் தனக்கெனக் கரையோரத் திட்ட விதிகளை வகுக்கிறது. மாநிலச் சூழலியல் துறை அவற்றை ஏற்க வேண்டும். சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வரையறையிலேயே கவுண்டியும் அடங்கும். தானே விதி வகுத்து, தானே அனுமதி கொடுக்கும் இடத்தில் இருப்பதால் தனக்கு அது பொருந்தாது என்று கவுண்டி சொல்ல முடியாது.

அவசர வேலைக்கு முன்அனுமதி வேண்டாம் என்று விதி சொல்வது உண்மை. அதே பத்தியில் அடுத்த வரி, முன்பு எதுவும் இல்லாத இடத்தில் புதிதாக எழுப்பும் நிரந்தரத் தடுப்புகள் அவசர வேலையில் சேராது என்கிறது. அவசரத்தைத் தணிக்கப் புதிய தடுப்பு தேவைப்பட்டே தீர்ந்தது என்றால், அவசரம் நீங்கிய பின் அதை அகற்ற வேண்டும், அல்லது முறையாகப் பெற்றிருக்க வேண்டிய அனுமதியை அப்போதாவது பெற வேண்டும். எதிர்பார்க்கக் கூடிய, ஆனால் உடனடியாக வந்து நிற்காத வெள்ளமும் பருவகால நிகழ்வுகளும் பொதுவாக அவசரநிலை ஆகா என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரு கேள்வியில் நிற்கிறது: புயலுக்கு முன் அந்த நூறடியில் பாறை இருந்ததா, இல்லையா?

இதற்கு உங்கள் சொல் மட்டும் போதாது. வீடு வாங்கியபோது விற்பனை விளம்பரத்தில் வந்த படங்கள், குழந்தைகள் கடற்கரையில் விளையாடும்போது கைப்பேசியில் எடுத்த படங்கள், இவற்றின் பின்னணியில் அந்தச் சாலையோரம் தெரிகிறதா என்று பாருங்கள். சூழலியல் துறை 1970களிலிருந்து இடைவெளி விட்டு விட்டுக் கரை முழுவதையும் விமானத்திலிருந்து சாய்கோணத்தில் படமெடுத்து வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் இடத்தின் படங்களை வரிசையாக எடுத்து வையுங்கள்.

இந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று கவுண்டி தனக்குத்தானே விலக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். அத்தகைய கடிதத்தை, கரையோர அனுமதிகள் மீதான மேல்முறையீடுகளைக் கேட்கும் கரையோர விசாரணை வாரியத்தில் எதிர்க்க முடியாது. சுப்பீரியர் கோர்ட்டில் 21 நாட்களுக்குள் எதிர்க்க வேண்டும். சட்டவிரோதமான முடிவானாலும் அந்த 21 நாள் கடந்தால் அசைக்க முடியாது என்று செலான் கவுண்டி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 2002ல் தீர்ப்பளித்திருக்கிறது. நாள் எப்போது தொடங்கியது என்பது, அந்த முடிவு எப்படி, யாருக்கு அறிவிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கெடு கடந்திருந்தாலும், அகற்று அல்லது அனுமதி பெறு என்ற கடமை அந்த விலக்கின் உள்ளேயே இருப்பதால் அது கவுண்டியை விட்டுப் போகாது என்பதே என் கருத்து. அதை நிறைவேற்றச் சொல்லிக் கவுண்டித் திட்ட அலுவலகத்துக்கும், சூழலியல் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். கவுண்டி பின்னர் அனுமதிக்கு விண்ணப்பித்தால், கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். இறுதி முடிவு சூழலியல் துறையில் தாக்கலான தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் கரையோர விசாரணை வாரியத்துக்குப் போகலாம்.

இதற்கெல்லாம் வேண்டிய காகிதங்களைப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வேலை நாட்களுக்குள் கவுண்டி ஆவணத்தைத் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம் என்று எழுத வேண்டும், அல்லது மறுப்புக்கான சட்டக் காரணத்தைச் சொல்ல வேண்டும். 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். இப்படி எழுதுங்கள்: "நவம்பர் 1 முதல் இன்று வரை, இன்ன சாலையில் கரையோரம் பாறை இட்ட வேலை தொடர்பான ஒப்பந்தம், அவசரநிலை குறித்த எழுத்துப்பூர்வ முடிவுகள், பணம் பட்டுவாடா செய்த வவுச்சர்களும் கணக்குத் தலைப்பும், கரையோர விலக்குக் கடிதம், மீன் வனவிலங்குத் துறை தந்த ஹைட்ராலிக் அனுமதி (நீர்நிலையில் வேலை செய்வதற்கான அனுமதி), வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்." கவுண்டியின் அரசு வழக்கறிஞர் உங்களோடு மரியாதையாகப் பேசலாம், ஆனால் அவர் கவுண்டிக்குத்தான் ஆலோசகர், உங்களுக்கல்ல.

இப்போது உங்கள் சுவர். குடியிருக்கும் வீட்டை அரிப்பிலிருந்து காக்கும் வழக்கமான தடுப்புச் சுவருக்குப் பெரிய அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கவுண்டியின் விதிகளுக்கு உட்படுவதிலிருந்து விலக்கு இல்லை. மீன் வனவிலங்குத் துறையின் ஹைட்ராலிக் அனுமதியும் கட்டாயம் வேண்டும். 2021ல் வந்த திருத்தத்தின்படி, வீட்டுச் சுவரை மாற்றும்போது தொழில்நுட்பத்தில் இயலக்கூடிய வழிகளில் கரைக்கு மிகக் குறைந்த பாதிப்பு தருவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கரையின் மேல்மணலில் ஸ்மெல்ட், சாண்ட் லான்ஸ் என்ற சிறுமீன்கள் முட்டையிடுகின்றன, சால்மன் அவற்றை உண்டு வளர்கிறது, செங்குத்துச் சுவர் அந்த மணலைக் கரைத்துவிடுகிறது என்பதே இதன் காரணம். உங்களிடம் கேட்ட அறிக்கைகள் வீண் அலைச்சல் அல்ல. கவுண்டியிடமும் அதையே கேட்க வேண்டும் என்பதுதான் உங்கள் நியாயம். மரக்கட்டையும் சரளையும் கொண்டு அமைக்கும் மென்கரை முறைகளுக்கு 'ஷோர் ஃப்ரெண்ட்லி' திட்டத்தின் வழியாக ஆலோசனையும், சில இடங்களில் செலவில் பங்கும் கிடைக்கின்றன.

இதில் தாமதம் செய்யக் கூடாது. சுவர் சிதைந்து, தண்ணீர் அதற்குப் பின்னால் வந்து போய், உயர்நீர்க் கோடு சுவருக்கு உள்பக்கம் நிலைத்துவிட்டால், புதிய சுவரை அந்த உள்கோட்டில்தான் கட்ட வேண்டும். முழங்கை வரை கை போகிறது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு முதலில் இந்த விதிதான் நினைவுக்கு வந்தது. இடையில் உள்ள நிலம் போனது போனதுதான். இந்த வாரமே உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து, இன்றைய கோட்டைக் குறித்து வரைபடமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நஷ்ட ஈட்டுக்கும் அதே வரைபடம்தான் அடிப்படை. கரையோரச் சட்டத்தை மீறியதால் தனியார் சொத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கு வழக்குத் தொடரும் உரிமையை அந்தச் சட்டமே தருகிறது. வெல்பவருக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் நீதிமன்றம் வழங்கலாம். அதற்கு முன் கவுண்டியிடம் உரிய படிவத்தில் நஷ்ட ஈட்டுக் கோரிக்கை தாக்கல் செய்து 60 நாள் காத்திருக்க வேண்டும். பாறையின் விளிம்பில் அலை திரும்பி உங்கள் மணலை இழுத்தது என்பதைக் கரையோரப் பொறியாளர் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு உதவியாக, சுவரின் மூன்று இடங்களில் ஆணியடித்து, ஒவ்வொரு பேரலை ஏற்றத்துக்குப் பிறகும் ஆணியிலிருந்து மணல் வரை அளந்து, தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

கடைசியாக, உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து, அலைநிலமும் (கடல் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படும் நிலம்) உங்களுக்குச் சேர்ந்ததா என்று பாருங்கள். இந்த மாநிலம் 1971 வரை அலைநிலங்களைத் தனியாருக்கு விற்றுவந்தது, அதனால் பல வீடுகளுக்கு அது சொந்தம். உங்களுடையதும் அப்படியென்றால், அளவையாளர் கோட்டைக் குறிக்கும்போதே பாறையின் அடிவரிசை உங்கள் எல்லைக்குள் எத்தனை அடி வந்திருக்கிறது என்பதையும் அளக்கச் சொல்லுங்கள். ஓரடி வந்திருந்தாலும் அது தனி அத்துமீறல். நஷ்ட ஈட்டுப் படிவத்தில் அதற்கென்று தனிப் பத்தி எழுத வேண்டும்.