வாசகர் கேள்வி – பதில்: கோடியக்கரையில் வலசைக் காலம்

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று இருக்கிறோம். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் மார்கழியில் போ என்கிறார் என் அண்ணன். இப்போது போவது வீண்தானா? போனால் அந்த நாளை எப்படி வகுத்துக்கொள்வது?
– வாசகி, மன்னார்குடி

பூநாரை மட்டுமே நோக்கம் என்றால் உங்கள் அண்ணன் சொல்வது சரி. அவை பெருங்கூட்டமாகத் திரள்வது, மழை ஓய்ந்து சதுப்பில் நீர் வடியத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில்தான். ஆனால் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் கோடியக்கரை வேறொரு காரணத்துக்காகப் பார்க்க வேண்டிய இடமாகிறது. வடக்கேயிருந்து வரும் பறவைகளுள் பல இங்கே தங்குவதற்காக வருவதில்லை. பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போகும் வழியில் இறங்கி இளைப்பாறிவிட்டுச் செல்கின்றன. ஆறுமணிக்குருவி அவற்றுள் ஒன்று. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வரும் இக்குருவி, விடியற்காலையில் பாலை மரங்களின் அடியில் உதிர்ந்த சருகுகளைப் புரட்டிப் புழு தேடுவதைக் காணலாம். மார்கழியில் இதே காட்டில் அதை இவ்வளவு எளிதாகப் பார்த்துவிட முடியாது.

அந்த நாளை வகுத்துக்கொள்ள வெயிலின் திசை ஒன்றே போதும். வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் போகும் சாலைக்கு மேற்கில் சதுப்பு விரிந்து கிடப்பதால், காலையில் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். எனவே விடிந்ததும் சிறிது நேரம் காட்டோரம், பிறகு கானல் எழும்வரை சதுப்பு, மாலையில் ஆலா என்னும் கடற்பறவைகளைப் பார்க்கக் கிழக்குக் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். அந்நேரத்தில் தொலைநோக்கியில் பார்த்தால் கானலில் பறவைகளின் உருவமே நெளியும். இது 1967 முதல் சரணாலயம் என்பதால், வனத்துறையின் அனுமதியைப் பெற்ற பின்னரே உள்ளே செல்ல வேண்டும்.

சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் எல்லாம் எனக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. புத்தகப் படத்தில் இருக்கும் செம்மை எங்கே போயிற்று? எதை வைத்து இனம் பிரிப்பது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

அந்தச் செம்மை இனப்பெருக்க காலத்துக்கு உரியது. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்து முடித்த முதிர்ந்த பறவைகளே ஆடி, ஆவணியில் முதலில் வந்து சேர்கின்றன; அப்போது சிலவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். ஐப்பசிக்குள் அந்த இறகுகள் பெரும்பாலும் உதிர்ந்து சாம்பல் இறகுகள் முளைத்துவிடுகின்றன. அவ்வாண்டில் பிறந்த குஞ்சுகள் சில வாரங்கள் பிந்தி, பெற்றோரின் துணையின்றித் தாமாகவே வந்து சேர்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. அவற்றின் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு இருப்பதால் மீன் செதில் போன்ற தோற்றம் வரும். அதைக் கொண்டு இளம் பறவையை அடையாளம் காணலாம்.

நிறத்தை மறந்துவிட்டு, இரை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். உப்புக்கொத்தி சிறிது தூரம் ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அதன் அலகு குட்டை, கண் பெரிது. 30 கிராம் எடைகூடத் தேறாத கொசு உள்ளான் தலையைத் தூக்காமல் ஈரச் சேற்றின் மேற்பரப்பை விடாமல் கொத்திக்கொண்டே நகரும். பவளக்காலி தன் சிவந்த காலாலேயே தெரிந்துவிடும். அது பறக்கும்போது இறக்கையின் பின் விளிம்பில் வெண்பட்டையையும் காண்பீர்கள். இந்த மூன்றையும் ஐயமறத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவற்றுக்குச் செல்வது நல்லது. முதல் நாளே நாற்பது பெயர்களை எழுதிவர நினைப்பவர்கள் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ நிறக் கொடியோ தென்பட்டால், அதன் நிறத்தையும் எந்தக் காலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் படத்துடன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்தவர்கள் அவர்கள்தாம்.

நாங்கள் புறப்படும் நாளில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். பெருமழை பெய்து சதுப்பில் நீர் ஏறிவிட்டால் குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது; அவை அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்து வரப்புகளில் ஒதுங்கியிருக்கலாம். அதற்கும் வழியில்லையென்றால் உதயமார்த்தாண்டபுரத்துக்கோ வடுவூருக்கோ வண்டியைத் திருப்புங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஏரிகள் இவை. போகும் வழியில், குறுவை அறுத்துத் தாளடிக்குச் சேறு கலக்கிய வயல்களையும் விட்டுவிடாதீர்கள். அங்கே நத்தைகுத்தி நாரை, நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் நுழைத்துச் சதையை அறுத்து உருவுவதை வண்டியிலிருந்து இறங்காமலேயே பார்க்கலாம். இறங்கினால் அது பறந்துவிடும்.