போர்த்திவிட ஒரு துணி

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் பிக் பேர் ஏரிக்கு அருகே இருக்கும் வெண்தலைக் கழுகுக் கூட்டைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் 2025 பிப்ரவரியில் நானும் என் மகனும் நேரலை பார்க்க ஆரம்பித்தோம். அவனுக்கு அப்போது எட்டு வயது. மூன்று முட்டைகளும் பொரிந்தபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மார்ச் நடுவில் பனிப்புயல் வந்தது. விடிந்து பார்த்தால் இரண்டு குஞ்சுகள்தான் இருந்தன. அன்றோடு நிறுத்திவிட்டோம். "கேமரா வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஏறிப்போய் ஒரு துணி போர்த்தத் தெரியாதாம்மா?" என்று கேட்டான். இப்போதும் திடீர் திடீரென்று கேட்கிறான். எனக்கும் அதே கேள்விதான். ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரியா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு செய்தி. மற்ற இரண்டு குஞ்சுகளும் பிழைத்துவிட்டன. அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்கு சன்னி, கிஸ்மோ என்று பெயர் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் முதல் வாரத்தில், சில நாள் இடைவெளியில் இரண்டும் கூட்டைவிட்டுப் பறந்தன. இறந்துபோன குஞ்சையும் பெயரில்லாமல் விடவில்லை, மிஸ்டி என்று வைத்தார்கள். நீங்கள் நடுவிலேயே நிறுத்திவிட்டதால் உங்கள் மகனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. இந்தக் கடிதத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தத் துணி.

கூடு இருப்பது ஒரு ஜெஃப்ரி பைன் மரத்தில், தரையிலிருந்து சுமார் 145 அடி உயரத்தில். நம் ஊர்ப் பெரிய தென்னைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாற்போல. அந்தப் புயலில், இருட்டில் ஒருவர் ஏறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மனித முகம் கூட்டு விளிம்பில் தெரிந்ததும் தாய் எழுந்து பறந்துவிடும். உடம்பில் இறகு முளைக்காத, பஞ்சுபோன்ற தூவி மட்டுமே உள்ள மூன்று குஞ்சுகளும் அந்த நிமிடமே பனியில் வெறுமனே கிடக்கும். ஒன்றைக் காப்பாற்றப் போய் மூன்றையும் இழக்கலாம். பையனிடம் இதை இப்படியே சொல்லலாம், எட்டொன்பது வயதுக்கு இது புரியும். சட்டமும் அனுமதிக்காது. இந்தக் கழுகைத் தொந்தரவு செய்வதைத் தடுக்க அமெரிக்காவில் 1940இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. கூடு கட்டும் காலத்தில் அந்த மரத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பகுதிக்குள் ஆட்கள் போகவே வனத்துறை விடுவதில்லை.

ஆனால் "சட்டம் விடாது" என்பது அவனுக்கு நிறைவான பதில் இல்லை. எனக்கும் இல்லை. அதனால் என் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டு மொட்டைமாடி மல்லிகைத் தொட்டியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியது. தேங்காய்ச் சிரட்டை அளவு கூடு, செம்பழுப்புப் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். அதற்கு உதவுகிறேன் என்று நான் பாடாய்ப் படுத்தினேன். வெயில் படுகிறதே என்று அட்டையைச் சாய்த்து வைத்தேன். மணிக்கொரு தடவை போய்க் கொடியை விலக்கிப் பார்த்தேன். நான்காம் நாள் குருவி வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. என் அன்பில் குறை எதுவும் இல்லை, ஆனால் அந்த முட்டைகள் கெட்டது அதனால்தான். கொடியை விலக்காமலே கூட்டுக்குள் பார்க்க இன்று ஒரு கண் கிடைத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கேமராக்கள் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகின்றன.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். மனிதர்கள் இந்தக் கழுகுகளுக்கு உதவவே இல்லை என்பதில்லை. டி.டி.டி. பூச்சிமருந்து நீரில் கலந்து, மீனில் சேர்ந்து, மீன் தின்ற கழுகின் உடம்புக்குள் போனது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமலே நொறுங்கியது. 1963இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும் சேர்த்து 417 ஜோடிகள்தான் எஞ்சியிருந்தன. 1972இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. மெல்ல மெல்லப் பெருகி, 2007இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்தே இந்தக் கழுகின் பெயரை நீக்கினார்கள். உங்கள் மகன் பார்த்த அந்த மூன்று முட்டைகளின் ஓடும் முழுசாக இருந்ததே, அது மனிதர்கள் செய்த உதவிதான். புயலடிக்கும் இரவில் 145 அடி ஏறிச் செய்தது இல்லை, அவ்வளவுதான்.

சரி, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி என்றே நினைக்கிறேன். பார்க்காவிட்டாலும் அந்தக் குஞ்சு இறந்திருக்கும், யாருக்கும் தெரியாமல். ஜாக்கி என்ற அந்தத் தாய் என்ன பாடுபட்டது என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. 2024 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் அது முட்டைகள்மேல் ஏறக்குறைய 62 மணி நேரம் இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. நான் விட்டு விட்டுப் பார்த்தேன். உடம்பு முழுக்கப் பனி மூடி, திரையில் ஓர் அலகும் இரண்டு கண்களும்தான் தெரிந்தன. அவ்வப்போது தலையைச் சிலுப்பும், மறுபடி மூடிக்கொள்ளும். அந்த வருடம் மூன்று முட்டைகளும் பொரியவே இல்லை. வழக்கமாக 35 நாளைக்குச் சற்று முன்பின்னாகப் பொரிய வேண்டியவை. மார்ச் முழுக்க ஜாக்கியும் அதன் இணையான ஷேடோவும் மாறி மாறி அடைகாத்துக்கொண்டே இருந்தன. அடுத்த ஜனவரியில் மறுபடி மூன்று முட்டை. அவற்றிலிருந்து வந்தவைதான் நீங்கள் பார்த்த குஞ்சுகள்.

உங்கள் மகன் கேட்ட துணி அந்தக் கூட்டில் இருக்கத்தான் செய்தது. அடைகாக்கும் காலத்தில் தாயின் வயிற்றில் ஓரிடத்தில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தச் சூடு நேராகக் குஞ்சின்மேல் படும், மேலே சுற்றிலும் இறகு மூடியிருக்கும். அன்றிரவும் ஜாக்கி அப்படித்தான் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் புயலில் மூன்றுக்கும் அது போதவில்லை. இதைச் சொல்லும்போது அவன் அழலாம். அழட்டும், கூடவே இருங்கள்.

மறுபடி பார்க்க ஆரம்பித்தால் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏரியிலிருந்து மீனைக் கவ்வி வரும் நகங்கள் அவை. கூட்டுக்குள் குஞ்சுகள் இருக்கும்போது அந்த நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டி பிடித்தாற்போல வைத்துக்கொண்டு, தத்தித் தத்தி நடக்கும். அப்புறம் மீனை நார் நாராகக் கிழித்து, தலையைச் சாய்த்து, அலகின் நுனியால் ஊட்டும். முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரியில்தான். குஞ்சுகள் பொரிந்திருக்கும் மார்ச்சில் அங்கே விடியும்போது நமக்கு இரவு ஏழு, ஏழரை இருக்கும். அவன் தூங்கப் போவதற்குள் முதல் தீனியைப் பார்த்துவிடலாம்.

அன்புடன்