'லுக் ஃபார்வர்ட் டு' வந்தால் ஹியரா, ஹியரிங்கா?

கேள்வி: வேலைக்கு அனுப்பிய மின்னஞ்சலை 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடித்திருந்தேன். 'ஹியரிங்' என்றுதான் எழுத வேண்டும் என்கிறார் நண்பர். 'டு'வுக்குப் பிறகு 'கோ', 'ஈட்' என்று வெறும் வினைச்சொல்தானே வரும்?

பதில்: நண்பர் சொல்வதுதான் சரி. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' (உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்) என்று எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. 'ஐ வான்ட் டு கோ' என்பதில் அது வினையோடு ஒட்டிக்கொள்வது. 'ஐ வென்ட் டு மதுரை' என்பதில் அது ப்ரிபொசிஷன், அதாவது தமிழின் வேற்றுமை உருபு போலப் பெயரோடு சேரும் சொல். அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது இந்த இரண்டாவது 'டு'. தமிழிலும் 'கேள்' என்ற வினையோடு 'கு' உருபை அப்படியே சேர்க்க முடியாது, 'கேட்பதற்கு' என்று பெயராக்கித்தான் சேர்க்கிறோம். அந்த வேலையை ஆங்கிலத்தில் 'இங்' செய்கிறது.

சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'தி மீட்டிங்' என்று போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்' பொருள் தருகிறது, ஆகவே வினை வந்தால் 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு தி மீட்டிங்' நிற்கவில்லை, ஆகவே அங்கே வெறும் வினை. 'அப்ஜெக்ட் டு' (எதிர்ப்பது), 'வித் எ வியூ டு' (ஒன்றைச் செய்யும் நோக்கில்) ஆகியவற்றுக்கும் இதே சோதனை போதும். அதிகம் குழப்புவது 'யூஸ்டு டு'தான். 'ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்' என்றால் முன்பு இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்' என்றால் இரவு வேலை எனக்குப் பழகிவிட்டது. நேர்காணலுக்கு முன் அனுப்பும் கடிதத்தில் இந்த இரண்டும் மாறினால் உங்கள் அனுபவமே தவறாகப் புரிந்துகொள்ளப்படும்.

'டு'வுக்குப் பதில் 'ஃபார்' போடுவதும் பிழை. 'ஃப்ரம்' விடுபட்டால் பதில் வருவதை விட்டுவிட்டு அவர் குரலைக் கேட்கக் காத்திருப்பதாகப் பொருள் மாறும். 'எதிர்பார்க்கிறேன்' என்பதை நினைத்துக்கொண்டு 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை' என்று எழுதுபவர்கள் நம்மிடையே நிறைய. இலக்கணப்படி தவறில்லை, ஆனால் பதில் தந்தே ஆக வேண்டும் என்ற அதட்டல் தொனிக்கும், விண்ணப்பத்தில் வேண்டாம்.

'ஐ லுக்' முறையான கடிதத்துக்கு, 'ஐ ஆம் லுக்கிங்' கொஞ்சம் நெருக்கமான தொனிக்கு. 'ஐ' இல்லாமல் 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று தொடங்குவதைச் சக ஊழியர்களோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தத் தொடரில் ஆவல் இருக்கிறது என்பதால் அறுவை சிகிச்சை, துக்க நிகழ்வு பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டும்.

அவசரத்தில் 'இங்' நினைவுக்கு வராவிட்டால் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்று முடித்துவிடுங்கள். 'ரிப்ளை' இங்கே பெயர்ச்சொல், பிழைக்கு இடமே இல்லை.