தாடையில் இரண்டு நரம்புக் குழாய் இருந்தால் முகம் கோணிவிடுமா?

கேள்வி: வயது 36. வலது கீழ் ஞானப் பல்லை எடுப்பதற்காக, தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்த்தாடை நரம்புக் குழாய் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இப்படி இருந்தால் பல் எடுக்கும்போது முகம் கோணிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி புடைப்பும் இருக்கிறது. கேன்சராக இருக்குமோ? முன்பு இதே பக்கம் ரூட் கேனால் செய்தபோது மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. மூன்று வாரமாக வலது கீழுதடும் முகவாயும் மதமதவென்று இருக்கின்றன. மெடிக்கலில் கேட்டு நரம்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். பல்லை எடுக்கலாமா?

மருத்துவர் பதில்:

முகம் கோணாது. முகத்தை அசைப்பது ஏழாவது கபால நரம்பு. அது காதுக்குக் கீழே வெளிவந்து கன்னத்தில் கிளை பிரிகிறது. தாடை எலும்புக்குள் அந்தக் குழாய் வழியாக ஓடுவது ஐந்தாவது நரம்பின் கிளை. கீழ்ப் பற்களுக்கும் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவதுதான் அதன் வேலை. பல் எடுக்கும்போது அது நசுங்கினால் உதடு மரத்துப்போகலாம். கோணாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பும் வீடியோக்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள்.

இரட்டைக் குழாய் நோயும் அல்ல. கருவில் கீழ்ப் பற்களுக்குத் தனித்தனியாகப் போகும் நரம்புக் கிளைகள் பிறகு ஒன்றாகச் சேரும். சரியாகச் சேராமல் விட்டால் இரண்டு குழாயாக நின்றுவிடும் என்று கருதப்படுகிறது. ஓபிஜியில் இது நூறு பேரில் ஒருவருக்குத் தெரிந்தாலே அதிகம். முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் பார்த்தால், பல ஆய்வுகளில் பத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறது.

அன்று ஊசி பிடிக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வழக்கமான ஊசியை, தாடையின் உள்பக்கம் நரம்பு எலும்புக்குள் நுழையும் துவாரத்துக்குப் பக்கத்தில் போடுவோம். ஒரு கிளை அதற்கு மேலேயே பிரிந்துவிட்டால் அதற்கு மருந்து எட்டாது. அதற்கும் வழி இருக்கிறது. 1973-இல் ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கோ-கேட்ஸ் விவரித்த முறையில், நரம்பு பிரிவதற்கு முன்பே மேலே போய் மருந்தை வைக்கலாம். அதனால் அன்று நடந்ததை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாக்கடிப் புடைப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வலியில்லாமல், மேலே ஈறு நன்றாக இருந்தால் அது டோரஸ் என்னும் சாதாரண எலும்பு மேடு. பிற்காலத்தில் பல் செட் கட்டும்போது இடைஞ்சல் செய்தால் பார்த்துக்கொள்ளலாம். விரலால் தடவிக்கொண்டே இருக்காதீர்கள்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று வார மதமதப்பு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அது ஒன்றுதான். பிறவியிலிருந்தே இருக்கும் இரட்டைக் குழாய், 36 வயதில் திடீரென்று உதட்டை மரக்க வைக்காது. ஊசி போடாமல், பல் எடுக்காமல், அடிபடாமல் முகவாயின் ஒரு பக்கம் மரத்தால், அந்த நரம்பை வழியில் எங்கேயோ ஏதோ அழுத்துகிறது அல்லது அரிக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஞானப் பல்லைச் சுற்றிய சீழோ நீர்க்கட்டியோ இருக்கலாம். எலும்புக்குள் இறங்கிய கிருமித் தொற்றாக இருக்கலாம். சில சமயம் தாடையில் வரும் கட்டியோ, மார்பகம், ரத்தம் போன்ற வேறு இடத்துப் புற்றுநோயோ இப்படித்தான் முதலில் தலைகாட்டும். உங்களுக்கு அதுதான் என்று சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது என்கிறேன்.

நரம்புச் சத்து மாத்திரை இதில் எதையும் சரிசெய்யாது. "மாத்திரை சாப்பிடுகிறோமே" என்ற தெம்பில் நாள்தான் ஓடும். மரத்துப்போன உதட்டைப் பார்க்காமலே மாத்திரை எடுத்துக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்த வாரமே ஒரு வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். திரித்த பஞ்சு நுனியாலும் ஊசி முனையாலும் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து, எதுவரை மரத்திருக்கிறது என்று அவர் குறித்துக்கொள்வார். சிபிசிடி எடுக்கச் சொல்வார். பல்லின் வேர் எந்தக் குழாயை ஒட்டியிருக்கிறது, இரண்டாவது குழாய் ஈறைக் கீறும் இடத்துக்கு அருகில் வருகிறதா, எலும்பில் அரிப்பு இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். உடல் இளைத்திருந்தாலோ, கழுத்திலோ மார்பிலோ கட்டி தட்டுப்பட்டாலோ அதையும் சொல்லுங்கள். பல்லில் காரணம் கிடைக்கவில்லை என்றால் பொது மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அதுவரை பல் எடுக்கும் தேதியைத் தள்ளிப்போடுங்கள். எடுத்த பிறகு, மறுநாளும் உதடு மரத்திருந்தால் அன்றே போன் செய்யுங்கள். ஊசியின் மரப்பு வழக்கமாகச் சில மணி நேரத்தில் விட்டுவிடும். இப்போது குறித்து வைத்த அளவு கையில் இருந்தால்தான், பழைய மரப்பு எது, புதியது எது என்று அப்போது சொல்ல முடியும்.